முன்னூத்தி முப்பத்தொண்ணாம் பக்கம்

அறுபத்தி நாலு இல்ல சார், அறுபத்தி மூணு. உங்க தாள்ல அறுபத்தி நாலுன்னு போட்டிருக்கு, அதை அடிச்சிடுங்க. ஒரு கட்டுரையில அதே மேற்கோளை ஏழாவதாவும் போட்டு, மறந்துட்டு பத்தொன்பதாவதாவும் போட்டிருக்கார். கம்ப்யூட்டர் அதை ரெண்டுன்னு எடுத்துக்கிச்சு. கையால எண்ணினா ஒண்ணுதான். நம்ம இதழ்ல நாப்பது, வெளி இதழ்கள்ல இருபத்தி மூணு. கூட்டிப் பாருங்க.

என்ன எழுதுறீங்க? நான் இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்லையே. தேதியா? சரி, தேதி எழுதிக்குங்க. அந்த போனை மட்டும் கொஞ்சம் கவுத்து வெச்சிடுங்க சார். பதிவு பண்ணலையா? பண்ணலைன்னா நல்லது. கவுத்து வெச்சா இன்னும் நல்லது. தப்பா நினைக்காதீங்க, எதையும் ரெண்டு தடவை பார்த்தாதான் எனக்கு மனசு ஆறும். புரூஃப் பார்க்குறவன் புத்தி அப்படி.

முப்பத்தொரு வருஷம் சார். இதே கீழ் ரூம். படிப்பு எட்டாவதோட சரி. இதழை உறை போட்டு, மூட்டை கட்டி, தபால்ல சேர்க்குற வேலைக்குத்தான் வந்தேன். ஒரு நாள் அச்சகத்திலிருந்து அட்டை வந்தது. புள்ளியியல் இதழ்னு பெரிய எழுத்துல, நடுவுல இருக்குற ள்-ல புள்ளி இல்ல. நாலு பேராசிரியருங்க பார்த்து சரின்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. எனக்குக் கூச்சம், யார்கிட்டயும் வாய் திறக்கலை. பென்சிலால ஒரு புள்ளி வெச்சு அனுப்பிட்டேன். அப்ப இருந்த பழைய ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, புள்ளியியல்ல புள்ளியைப் பார்க்க ஒரு ஆள் கிடைச்சாம்ப்பா, இனிமே நீ மூட்டை கட்டாதேன்னுட்டார். அன்னையிலிருந்து இந்த மேஜைதான். சமன்பாடு எனக்குப் புரியாது. ஆனா அடைப்புக்குறியைத் திறந்தவன் மூடலைன்னா எனக்குத் தெரிஞ்சுடும்.

வரேன், வரேன். அந்தக் கட்டுரைக்குத்தான் வரேன்.

உங்க முதுகுக்குப் பின்னால அலமாரி, மூணாவது தட்டு. தொகுதி இருபத்திரண்டு, பச்சை அட்டை. எடுங்க. கடைசிப் பக்கத்துக்கு என்ன எண்ணு? முன்னூத்தி இருபதா? அதுக்கப்புறம்? அட்டைதான். இப்ப உங்க தாள்ல இருக்குற மேற்கோளைப் படிங்க. மாதிரி: ஒரு சிறு குறிப்பு. தொகுதி இருபத்திரண்டு, பக்கம் முன்னூத்தி முப்பத்தொண்ணு முதல் முப்பத்தெட்டு வரைக்கும். அட்டையைக் கிழிச்சுக்கிட்டு வெளியில போனாதான் சார் அதைப் படிக்க முடியும்.

அதை அறுபத்தி மூணு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. ஒருத்தர் எழுதுறார், இச்சிறு குறிப்பில் ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளபடின்னு. என்னத்தை நிறுவினாங்களாம்? இன்னொருத்தர் அதுக்கும் மேல. இக்குறிப்பின் முடிவோடு நாம் முழுமையாக உடன்பட இயலவில்லைன்னு போட்டிருக்கார். உடன்பட முடியலையாம்! இல்லாதவங்களோட நாலு வரி சண்டை. நம்ம இதழ்லயே அதிகம் பேர் மேற்கோள் காட்டின கட்டுரை எதுன்னு கேட்டா, இதுதான். ரெண்டாவது இடத்துல இருக்கறதுக்கு இருபத்தி ஒண்ணு. பாவம், அது நிஜமாவே நல்லா உழைச்சு எழுதினது.

சிரிக்கிறீங்க. சிரிங்க. மேல்மாடியில யாரும் சிரிக்கிற நிலைமையில இல்ல. தர வரிசை போடுறவங்க நம்ம இதழைப் பட்டியலிலிருந்தே எடுத்துடுவோம்னு எழுதியிருக்காங்களாமே. அதான் இதழை நடத்துற சங்கம் உங்களை விசாரிக்க அனுப்பியிருக்கு. வெள்ளிக்கிழமை கூட்டத்துல யார் தலையையாவது உருட்டியாகணும். யார் தலைன்னும் முடிவாயிடுச்சு. வீச்சு தலைதான்.

வீச்சா? அதான் சார், அந்தப் பொண்ணு. இதழ் வளர்ச்சி அலுவலர்னு கதவுல போட்டிருக்குமே. நாங்க கீழ வெச்ச பேரு வீச்சு. நாலு வருஷம் முன்னாடி வேலையில சேர்ந்த அன்னைக்கு எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு, நம்ம இதழோட வீச்சை அதிகமாக்கணும், வீச்சுதான் முக்கியம்னு பேசினா. நான் பக்கத்துல நின்ன தபால்காரர்கிட்ட, அதாவது நம்ம தபால் பிரிவுல இருக்கறவர்கிட்ட, காதோட காதா சொன்னேன். வீச்சுன்னா பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறதுதானே, இங்க எதைப் பெரிசாக்கப் போறா, எதைச் சின்னதாக்கப் போறான்னு. அந்த மனுஷன் அதை அப்படியே சத்தமா கேட்டுத் தொலைச்சுட்டார். கூட்டமே சிரிச்சுது. அந்தப் பொண்ணும் சிரிச்சா. பேரு ஒட்டிக்கிச்சு.

எனக்கு அவமேல முதல்லேருந்தே சந்தேகம்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். வந்த ரெண்டாவது நாளே சந்தாதாரர் விலாசப் பட்டியல் வேணும்னு நின்னா. விலாசம் எதுக்கு? வேற யாருக்காவது கொடுக்கப் போறாளோன்னு நாலு நாள் தரலை. சாவி கிடைக்கலைன்னுட்டேன். சாவி என் சட்டைப் பையில இருந்தது. அப்புறம் வாங்கிட்டுப் போய் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டிருக்கா. என்ன தெரிஞ்சுது தெரியுமா? இருநூத்திப் பன்னிரண்டு விலாசம் தப்பு. பதினேழு பேர் செத்தே போயிட்டாங்க. அவங்களுக்கு வருஷத்துக்கு நாலு இதழ் ஒழுங்கா போய்க்கிட்டு இருந்திருக்கு. மூட்டை கட்டினது ஒரு காலத்துல நான்தானே. எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை.

ஆனா அந்த வேகம்தான் சார் எனக்கு உறுத்திச்சு. ஒவ்வொரு கட்டுரைக்கும் சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரி அஞ்சு வரிச் சுருக்கம் போட வெச்சா. கல்லூரி கல்லூரியா, நூலகம் நூலகமா மெயில் அனுப்பினா. மழை அளக்குற அலுவலகம், ஆஸ்பத்திரி, கோழிப்பண்ணைச் சங்கம், எல்லாருக்கும் அனுப்பினா. கோழிப்பண்ணைக்காரருக்குப் புள்ளியியல் இதழ் எதுக்குன்னு கேட்டேன். ஆயிரம் முட்டையில எத்தனை உடையும்னு அவருக்குத்தானே ஐயா தெரியணும்னா.

அப்புறம் அந்த எண்ணு. உங்களுக்கு நான் சொல்லணுமா? நம்ம கட்டுரையை மத்தவங்க எத்தனை தடவை மேற்கோள் காட்டுறாங்கன்னு எண்ணி, நம்ம கட்டுரை எத்தனையோ அதால வகுக்கிறது. நாப்பது வருஷமா அரையைத் தாண்டாத எண்ணு சார் அது. ரெண்டே வருஷத்துல ஒண்ணு ஆச்சு, ஒண்ணே முக்கால் ஆச்சு. மேல்மாடியில கேக் வெட்டினாங்க. எனக்கும் ஒரு துண்டு கீழ வந்தது. எடுத்து வெச்சுட்டு யோசிச்சேன். இவ்வளவு வேகமா ஒரு எண்ணு ஏறினா, எங்கயோ ஒரு புள்ளி தப்பா இருக்குன்னு அர்த்தம்.

ஆமா, அந்த அஞ்சு மேற்கோள் விவகாரம். உங்களுக்கு அது வந்து சேர்ந்துடுச்சா? யார் சொன்னா? சரி, சொல்ல வேண்டாம். கட்டுரை ஏத்துக்கிட்டோம்னு ஆளுங்களுக்கு மெயில் போகும்ல, அதுல கடைசி வரி. நமது இதழின் முந்தைய கட்டுரைகளிலிருந்து குறைந்தது, ஐந்தையாவது மேற்கோள் காட்டவும். கீழ அவ பேரு. ஆனா சார், அந்த வாக்கியத்துல குறைந்ததுங்குறதுக்கு அப்புறம் ஒரு தேவையில்லாத கமா இருக்கு பாருங்க. அந்தக் கமா அவளோடது இல்ல. ஆசிரியரோடது. இந்த ஆசிரியர் பேசறப்ப மூச்சு விடுற இடத்திலெல்லாம் கமா போடுவார். பதினோரு வருஷமா அவர் கமாவை அடிச்சுக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா? அவர் சொல்லியிருக்கார், அவ தட்டியிருக்கா. பேச்சு அவரோடது, பேரு அவளோடது. இப்ப அவர் ரொம்ப வருத்தமா இருக்காராம். இருப்பார்.

என்ன? அது வேற, இது வேறயா?

ம். அது சரிதான். அஞ்சு கேட்டது ஒரு தப்பு. இல்லாததை உண்டாக்கினது வேற தப்பு.

அதை அவதான் உண்டாக்கினாள்னு எதை வெச்சு சொல்றீங்க? வெப்சைட்டா. கட்டுரையாளருக்கான வழிகாட்டிங்குற பக்கத்துல முதமுதல்ல அந்த மேற்கோள் இருக்கு, அதை ஏத்தினது அவ, தேதியும் நேரமும் இருக்கு. சரி. அஞ்சு வேணும்னு மெயில் போகுது, தேடுறவன் வழிகாட்டியைத் திறக்கிறான், கண்ணு முன்னாடி ஒண்ணு ரெடியா இருக்கு, எடுத்து ஒட்டிக்கிறான். சரிதான் சார், வழி சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க. ஏத்தினவதான் எழுதினவளா? அதைத்தான் கேக்குறேன். நான் கேட்டா பெரியவர் எதுக்கு இவ்வளவு கேக்குறார்னு பார்க்குறீங்க.

அவ என்ன சொல்றா? ஒண்ணும் சொல்லலையா? நான் சரிபார்த்துத்தான் போட்டேன், ஆனா யாரையும் காட்டிக் கொடுக்க மாட்டேன்னு. இப்படியா சொன்னா? இதே வார்த்தையா?

தண்ணி குடிக்கிறீங்களா சார்? நான் குடிச்சுக்கறேன்.

ம்... நூலகருக்குப் போன அந்தத் தபால் கார்டா? காட்டுங்க. கண்ணாடி போட்டுக்கறேன். தாங்கள் கோரிய கட்டுரையின் பிரதி கைவசம் இல்லை. கையெழுத்து இல்ல. இதுல தப்பு என்ன இருக்கு? ஒற்றுப்பிழைகூட இல்ல. ஏதோ ஒரு ஊர்ல நூலகர், யாரோ படிக்கக் கேட்டாங்கன்னு அந்தக் கட்டுரைக்கு நகல் கேட்டு எழுதியிருக்கார். பதில் போயிருக்கு. அவர் அதோட விடலை. தன்கிட்ட இருக்குற தொகுதி இருபத்திரண்டை எடுத்துப் பார்த்திருக்கார். பக்கம் இல்ல. புகார் எழுதிட்டார். எனக்கு அந்த மனுஷனைப் பார்க்கணும் போல இருக்கு சார். அறுபத்தி மூணு பேர் மேற்கோள் காட்டினாங்க. திறந்து பார்த்தது அலமாரியைத் துடைக்கிற ஒருத்தர்.

ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது.

உங்க கட்டுரை நம்ம இதழ்ல வந்திருக்கு இல்ல? எனக்குத் தெரியும் சார். நீங்க வாசல்ல பேரு சொன்னப்பவே தெரியும். தொகுதி நாப்பத்தி மூணு, ரெண்டாவது இதழ். பக்கம் தொண்ணூத்தி ஏழு. நல்ல சுத்தமான புரூஃப், நாலே நாலு திருத்தம்தான். மேற்கோள் மொத்தம் பதினாலு. பதினாலாவது எதுன்னு ஞாபகம் இருக்கா?

எடுக்க வேண்டாம், நானே சொல்றேன். அதேதான். என் கணக்குல நீங்க முப்பத்தெட்டாவது ஆள்.

படிச்சீங்களா?

சங்கடப்படாதீங்க. நான் வெளியில சொல்லப் போறதில்ல. நீங்க போன் எடுத்துக் கவுத்து வெச்ச மாதிரி நானும் இதைக் கவுத்து வெச்சிடறேன். ஏன் சொன்னேன்னா, இனிமே நான் சொல்லப் போறதைக் கேக்கறப்ப நீங்க மேல உட்கார்ந்துக்கிட்டு, நான் கீழ நின்னுக்கிட்டு இருக்க வேண்டாம்னுதான். ரெண்டு பேரும் ஒரே தரையில உட்காருவோம்.

அது நான் எழுதினது சார்.

கட்டுரை இல்ல. அந்த ஒரு வரி. அந்தப் பொண்ணு வந்த முதல் மாசம், படி இறங்கி இங்க வந்தா. முப்பத்தொரு வருஷத்துல மேல்மாடியிலிருந்து இந்த ரூமுக்கு வந்து, ஐயா உங்களுக்குத்தான் தெரியும்னு நின்ன முதல் ஆள் அவதான். எழுதுறவங்க மேற்கோளை ஆளுக்கொரு விதமா அனுப்புறாங்க, முதல்ல பேரு, அப்புறம் தலைப்பு, தொகுதி, பக்கம், எங்க புள்ளி, எங்க கமான்னு நீங்க ஒரு மாதிரி எழுதிக் கொடுங்க, வெப்சைட்ல போட்டுடறேன்னா. நான் உட்கார்ந்து எழுதினேன். நிஜமான ஒருத்தர் கட்டுரையைப் போட்டா, என்னோடதை ஏன் போடலைன்னு இன்னொருத்தர் வருவார். இவங்களைப் பத்தி எனக்குத் தெரியும். அதனால இல்லாத ஒண்ணைப் போட்டேன். யார் பக்கத்துலயும் கை வைக்கக் கூடாதுன்னு, தொகுதி முடிஞ்ச பிற்பாடு பத்துப் பக்கம் தள்ளி எண்ணு போட்டேன். தலைப்பும் பார்த்த உடனே புரியணும்னு, மாதிரி: ஒரு சிறு குறிப்பு.

மாதிரின்னா மாதிரிதானே சார்? துணிக்கடையில ஒரு துண்டு வெட்டிக் காட்டுவாங்களே, அந்த மாதிரி. குறிப்பு இப்படி எழுதணும்னு காட்ட ஒரு மாதிரிக் குறிப்பு. உங்க ஆளுங்களுக்கு மாதிரின்னா வேற. பத்தாயிரம் பேர்ல நூறு பேரைப் பொறுக்கி எடுத்தா அதுக்குப் பேரு மாதிரி. மாதிரியைப் பத்தி எழுதாத கட்டுரை உங்ககிட்ட ஏது? எல்லாருக்கும் பொருந்துற மேற்கோள். வருஷக்கணக்கா அந்த வார்த்தைக்கு எழுத்துப்பிழை பார்த்தவன், ஒரு நாள்கூட அது ரெண்டு பக்கமும் திரும்பும்னு நினைக்கலை.

கேப்பீங்கன்னு தெரியும். நம்ம இதழ்ல வந்த நாப்பதும் இந்த மேஜையைத் தாண்டித்தானே போச்சு. ஆமா. முதல் தடவை வந்தப்ப சிரிச்சுட்டேன். அடிக்கணும்னு பென்சிலை எடுத்தேன். எடுத்தேன் சார், சத்தியமா. முனை தாள்ல பட்டுடுச்சு. அப்புறம் வெச்சுட்டேன். சுத்தி இருபது மேற்கோள், எல்லாம் பேராசிரியர், முனைவர். நடுவுல நான் எழுதின ஒரு வரி. ஒரு தடவை இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். அடுத்த இதழ்ல இன்னொண்ணு. நோட்டுல கோடு போட ஆரம்பிச்சேன். வெளி இதழ்கள் நூலகத்துக்கு வந்தா மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல போய்ப் பின் பக்கத்தை மட்டும் பார்ப்பேன். இருபதைத் தாண்டினப்ப, உண்மையைச் சொல்றேன், அன்னைக்கு வீட்டுக்கு இனிப்பு வாங்கிட்டுப் போனேன். எதுக்குன்னு கேட்டாங்க, சும்மான்னேன்.

கார்டும் நான்தான். பிரதி கைவசம் இல்லைன்னுதான் எழுதினேன். அதுல பொய் இல்ல.

அந்தக் கட்டுரையாளர் பேரு இருக்குல்ல, நீங்க மூணு வாரமா எந்தக் கல்லூரியில தேடியும் கிடைக்காத அந்த அம்மா? அது என் வீட்டுக்காரி. இனிஷியல் அவங்க அப்பாவோடது. வேற பேரு யோசிச்சேன், சட்டுன்னு எதுவும் வரலை. வெள்ளிக்கிழமை கூட்டத்துல என் பேரை எவ்வளவு சத்தமா வேணும்னாலும் படிங்க. அந்தப் பேரை மட்டும் காகிதத்தோட விட்டுடுங்க. அவளுக்கு இன்னும் தெரியாது.

அந்தப் பொண்ணு சரிபார்த்தேன்னு சொன்னாள்ல? பார்த்தா சார். நான் எழுதிக் கொடுத்த தாளை வாங்கிட்டுப் போனவ, பாதிப் படியிலிருந்து திரும்பி வந்தா. அந்தக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, ஐயா, இது நிஜமாவே வந்த கட்டுரைதானே, இல்ல சும்மா போட்டதான்னு கேட்டா. சும்மா போட்டதுன்னா அடுத்தது, யார் ஐயா இந்த அம்மான்னு கேப்பா. பொண்டாட்டி பேரைப் போட்டிருக்கேன்னு, சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகாத ஒரு பொண்ணுகிட்ட நான் எப்படிச் சொல்ல? வெக்கமா இருந்தது. தலை நிமிராமலேயே, வந்ததுதாம்மா, எனக்குத் தெரியாதா, போட்டுக்கன்னு சொல்லிட்டேன்.

இதை எழுதிக்குங்க. நான் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்க, கீழ கையெழுத்துப் போடுறேன்.